ஐயா அடித்த பந்து

மகளிர் கால்பந்துப் பயிற்சியாளர் வேலைக்கு நேர்காணல் நடந்தபோது சேர்மன் ராஜசேகரன் கேட்ட முதல் கேள்வி, "இதுவரைக்கும் எத்தினி கோல் போட்டுகீறம்மா?" என்பதுதான்.

"நான் கோல்கீப்பர் சார்," என்றாள் ராஜகுமாரி.

"சரி. எத்தினி?"

"கீப்பர் கோல் போட மாட்டாங்க சார். வர்ற பந்தைத் தடுப்பாங்க."

சேர்மன் பக்கத்து நாற்காலியில் இருந்த கல்லூரி முதல்வர் பார்த்தசாரதியைத் திரும்பிப் பார்த்தார். முதல்வர், இது தமக்கும் இப்போதுதான் தெரியும் என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டார். சேர்மனுக்குத் தெரியாத ஒன்று தமக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கக் கூடாது என்பதில் அவர் கண்டிப்பானவர்.

"தடுக்கறதுக்கா சம்பளம்?" என்றார் சேர்மன். "நம்ம காலேஜ்ல யாரையும் தடுக்கற பழக்கமே கெடயாதும்மா. அட்மிஷன்ல கூட தடுக்கறதில்ல. மார்க்கு இல்லனாலும் உள்ள உட்டுடறோம்."

"பாசிட்டிவ் அப்ரோச் சார்," என்றார் முதல்வர்.

வேலை கிடைத்தது. தரச்சான்று வழங்கும் குழு அடுத்த ஆண்டு கல்லூரிக்கு வரவிருந்தது. மகளிர் விளையாட்டுக்கு என்ன செய்தீர்கள் என்று அவர்கள் கேட்பார்கள் என யாரோ சொல்லியிருந்தார்கள். விண்ணப்பித்தவர்களில் பெண் ராஜகுமாரி ஒருத்திதான். ஆகவே தேர்வு நேர்மையாகவே நடந்தது.

மண்ணூர்பேட்டையில் பிறந்தவள் ராஜகுமாரி. அப்பா அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பிரஸ் ஷாப்பில் தகடு வெட்டினார். கம்பெனிச் சுவருக்குப் பின்னால் இருந்த காலி மனையில் பையன்கள் பந்து விளையாடுவார்கள். கோலில் நிற்க யாருக்கும் விருப்பமில்லாததால் இவளை நிறுத்தினார்கள். நிறுத்திய பிறகு இவளை அங்கிருந்து நகர்த்த முடியவில்லை. அப்படியே பள்ளி அணி, மாவட்டம், மாநிலம் என்று போனாள். தேசிய முகாமுக்கு அழைப்பு வந்தபோது அம்பத்தூர் ஸ்டேஷனில் நண்பர்கள் மாலை போட்டு ரயிலேற்றினார்கள். முகாமில், உயரம் போதாது என்று அவளை நீக்கிவிட்டு, சங்க நிர்வாகி ஒருவருக்கு வேண்டிய பெண்ணைச் சேர்த்தார்கள். அந்தப் பெண் இவளைவிடக் குட்டை. கேட்டதற்கு, அவளுக்கு வளரும் வயது என்றார்கள். அவள் இவளைவிட மூத்தவள். மறுவருடம் மீண்டும் அழைப்பு வந்தது. ஆனால் அதற்குள் முழங்கால் போய்விட்டது. பிறகு ஒரு தனியார் பள்ளியில் பி.டி. டீச்சராகிப் பல வருடம் ஆண்டு விழாவுக்கு பிளாஸ்டிக் பூ ஆட்டக் கற்றுக்கொடுத்தாள். லீவு சேர்த்துவைத்துப் போய்ப் பயிற்சியாளர் சான்றிதழ் வாங்கியதும், தவமணியம்மாள் பொறியியல் கல்லூரியில் வந்து சேர்ந்ததும் அதன் பிறகு.

பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகிற சாலையில், சேர்மனின் குடும்பம் முன்பு நெல் நட்ட இடத்தில் இருக்கிறது அந்தக் கல்லூரி. தவமணியம்மாள் என்பது சேர்மனுடைய அம்மாவின் பெயர். ராஜகுமாரி சேர்ந்த அன்றே ஓர் அறையின் வாசலில் 'மகளிர் கால்பந்து மேம்பாட்டு மையம்' என்று பலகை மாட்டினார்கள். உள்ளே பழைய விடைத்தாள் கட்டுகள் கூரை வரைக்கும் இருந்தன. மைதானம் என்று சொல்லப்பட்ட இடத்தில் கல்லூரிப் பேருந்துகள் நின்றன. விடிந்ததும் அவை மாணவர்களைக் கூட்டிவரக் கிளம்பும். திரும்பி வருவதற்குள் பயிற்சியை முடித்துவிட வேண்டும். தரையில் ஆயில் சிந்தியிருக்கும். பெண்கள் சறுக்குவதை விருப்பமில்லாமலே கற்றுக்கொண்டார்கள்.

இதிலும் ஒரு நல்லது நடந்தது. எழில் கிடைத்தாள்.

அவள் அண்ணனூர்ப் பெண். அப்பா கார் ஷெட்டில் மின்சார ரயில் பெட்டிகளைக் கழுவும் கான்ட்ராக்ட் வேலையில் இருந்தார். வாலிபால் ஆடுகிறாள் என்று ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட்டுக் கொடுத்திருந்தார்கள். நெட்டைக் கை, குறைந்த பேச்சு. ஒருநாள் வேறு யாரோ உதைத்த பந்து கேன்டீன் பக்கம் பறந்தபோது, ஒரு கையில் டீ டம்ளருடன் மறு கையால் அதைப் பிடித்துக் கீழே வைத்துவிட்டு டீயைக் குடித்தாள். ராஜகுமாரி அன்று சாயங்காலமே அவளுக்குத் தன்னுடைய பழைய கையுறையைக் கொடுத்தாள். ஒரு வருடத்தில் எழில் தேறிவிட்டாள். சொன்னதை மறுநாள் செய்துகாட்டுவாள். மூன்றாம் நாள் அது அவளுடைய உடம்பிலேயே இருந்ததுபோல வரும். இப்படி ஒருத்தி ஒரு பயிற்சியாளருக்கு வாழ்நாளில் ஒருமுறைதான் வருவாள் என்று ராஜகுமாரி தன் கணவன் மோகனிடம் சொன்னாள். மோகன் ஐயப்பன்தாங்கல் டிப்போவில் கண்டக்டர். "நல்லா புட்சிக்கோ," என்றான் அவன்.

அந்த ஆண்டு சேர்மனின் பிறந்தநாளுக்குப் பேருந்துகளை வெளியேற்றி, செயற்கைப் புல் விரித்து, நான்கு மூலையிலும் விளக்குக் கம்பம் நட்டார்கள். 'கல்விச் செம்மல் ராஜசேகரன் மகளிர் கால்பந்து அரங்கம்' என்று பெயர். முதல் பந்தை ஐயா அடித்துத் தொடங்கிவைப்பார் என்று அழைப்பிதழில் போட்டிருந்தது. பந்தின் மேல் ஐயாவின் முகத்தை அச்சிட்டிருந்தார்கள்.

ராஜகுமாரி எழிலிடம், "ஐயா அடிப்பாரு. நீ கோல்ல நில்லு," என்று மட்டும் சொன்னாள். வேறு என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. பின்னால் விசாரணைக் குழு இதைத்தான் 'அறிவுறுத்தலில் அலட்சியம்' என்றது.

மேளம் முழங்கியது. முதல்வர் மைக்கில், "இது வெறும் பந்தல்ல, கிராமப்புறப் பெண்களின் வாழ்வை நோக்கி ஐயா உதைக்கப்போகும் உதை," என்று பேசினார். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேர்மன் வந்தார். புது பூட்ஸ் காலைக் கடித்தது போலிருக்கிறது, சற்று நொண்டினார். உதைத்தார். பந்து, கோலுக்குப் போவதா வேண்டாமா என்று யோசித்தபடி உருண்டது. அதற்குள் காகிதப் பூ தூவும் வெடியை வெடித்துவிட்டார்கள். 'முதல் கோல் கண்ட முதல்வனே' என்று முந்தின நாளே அடித்து வைத்திருந்த பேனரை இரண்டு பேர் விரித்துவிட்டார்கள். எழில் இரண்டு அடி முன்னால் வந்து, குனிந்து பந்தை எடுத்து, மரியாதையாகச் சேர்மனின் காலடிக்கே உருட்டிவிட்டாள்.

"சார், இன்னொரு வாட்டி அடிங்க," என்றாள்.

மைக் அங்கேதான் இருந்தது. அது எல்லோருக்கும் கேட்டது.

மறுநாள் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. மெக்கானிக்கல் துறைத் தலைவர், தமிழ்ப் பேராசிரியர், சட்ட ஆலோசகர் ஆகியோர் உறுப்பினர்கள். ஏ.சி. வேலை செய்கிற ஒரே கருத்தரங்க அறையில் உட்கார்ந்தார்கள். எழிலை நிற்கவைத்துக் கேட்டார்கள்; ராஜகுமாரிக்கு ஒரு நாற்காலி கொடுத்தார்கள், அது சுவரைப் பார்த்திருந்தது.

"அடிச்சது யாருன்னு உனக்குத் தெரியுமா?" என்றார் துறைத் தலைவர்.

"தெரியும் சார். சேர்மன் சார்."

"தெரிஞ்சும் பிடிச்சிருக்கே."

"பந்து வந்துச்சு சார். கை போயிடுச்சு."

"பந்துல ஐயாவோட படம் இருந்ததே, பாக்கலையா?"

"சுத்திகினு வந்துச்சு சார். சரியா தெரியல."

சட்ட ஆலோசகர் குறுக்கிட்டார். "அப்ப நீ ஐயாவோட முகத்து மேலதான் கை வச்சிருக்கே. ரெண்டு கையும்."

எழில் யோசித்தாள். "அடி உழாத மாதிரிதான் சார் புடிச்சேன்," என்றாள்.

தமிழ்ப் பேராசிரியர் அதுவரை கண்ணை மூடியிருந்தார். இப்போது திறந்தார். "தமிழர் மரபில் வள்ளல் ஒன்று தந்தால் எதிரில் இருப்பவர் பெற்றுக்கொள்வார். அல்லது வாழ்த்திவிட்டு நகர்வார். வள்ளல் தந்ததை வள்ளலுக்கே திருப்பி உருட்டியதாக எங்கும் சான்று இல்லை. மேலும் 'இன்னொரு வாட்டி' என்ற சொற்றொடரில் எள்ளல் தொனிக்கிறது. 'இன்னும் ஒருமுறை அருள்க' என்று கேட்டிருந்தால் குற்றமில்லை."

ராஜகுமாரி எழுந்து, "சார், அவ கோல்கீப்பர். பந்தப் புடிக்கறதுக்குத்தான் அவள நிக்க வச்சிருக்கோம்," என்றாள்.

"அதுதான் மேடம் பிரச்சினையே," என்றார் துறைத் தலைவர், வருத்தத்துடன்.

குழுவின் அறிக்கையை முதல்வர் தம் அறையில் ராஜகுமாரிக்கு வாசித்துக் காட்டினார். மாணவிக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பந்தை உள்ளே விடும் திறன் அவளுக்கு இல்லாததே சம்பவத்துக்குக் காரணம். அந்தக் குறைபாட்டைப் போக்குவது நிறுவனத்தின் கடமை. எனவே 'கோல் அனுமதித்தல்: கோட்பாடும் செயல்முறையும்' என்ற தலைப்பில் அவளுக்குச் சிறப்புப் பயிற்சி தரப்பட வேண்டும். பொறியியல் கல்லூரியில் எந்தப் பாடமும் ஐந்து அலகுக்குக் குறையக் கூடாதென்பதால் இதற்கும் ஐந்து அலகு. இறுதியில் மாணவி அடைந்திருக்க வேண்டிய பயன்: 'உண்மையான முயற்சியின் தோற்றத்துடன் பந்தைத் தவறவிட இயலும்.'

"ஐயாவோட விருப்பம் என்னன்னா மேடம்," என்று முதல்வர் குரலைத் தாழ்த்தினார், "அவ சும்மா நிக்கக் கூடாது. சும்மா நின்னா பாக்கறவங்க தப்பா நெனைப்பாங்க. பாயணும். தடுக்கணும்னு துடிக்கணும். ஆனா முடியக் கூடாது. முடியாமப் போனதுக்கு அப்பறம் முகத்துல ஒரு வியப்பு வரணும்."

"சார், தடுக்கறது எப்படின்னுதான் நான் சின்ன வயசுலேர்ந்து கத்துக்கிட்டேன். இத என்னால கத்துக்குடுக்க முடியாது."

"உங்களாலதான் மேடம் முடியும். பூட்டு செய்யறவனுக்குத்தானே திறக்கத் தெரியும்?" முதல்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழில் ஸ்போர்ட்ஸ் கோட்டா சீட்டு. ஸ்போர்ட்ஸ்ல ஒத்துழைக்கலைன்னா கோட்டா எதுக்குன்னு ஐயா கேப்பாரு. நான் கேக்கல. ஐயா கேப்பாரு. கேட்டா என்கிட்ட பதில் இருக்காது. எப்பவுமே இருந்ததில்ல."

அன்று வீட்டில் ராஜகுமாரி சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். மோகன் தட்டை அவள் பக்கம் தள்ளினான்.

"இன்னா ராஜி, ஒரு பந்த உட்டா இன்னா கொறஞ்சிடப் போவுது? நானு டெய்லி எத்தினி பேர டிக்கெட் இல்லாம உடறேன். கட்சிக்காரன், போலீஸ்காரன் ஊட்டு ஆளு. பாக்காத மாரி திரும்பிக்க வேண்டியதுதான்."

"நீ திரும்பிக்கற. திரும்பிக்கறது எப்படின்னு யாருக்காவது சொல்லிக் குடுத்திருக்கியா?"

மோகன் அவள் தட்டில் குழம்பை ஊற்றினான். "அந்தப் பொண்ணு படிச்சி வெளிய போவட்டும். அத்தப் பாரு," என்றான்.

அதைத்தான் அவளும் பார்த்தாள்.

முதல் வாரம் எழிலுக்கு வரவே இல்லை. விட்டுவிடுகிறேன் என்று தலையாட்டிவிட்டுப் போய் நிற்பாள். பந்து கிளம்பியதும் கை தானாகப் போய்விடும். பிடித்துவிட்டு, திருடிவிட்டவள்போல ராஜகுமாரியைப் பார்ப்பாள். சேர்மனுடைய வேகத்தில் பந்தை உருட்டுவதற்காக மெக்கானிக்கல் லேபிலிருந்து ஓர் உதவியாளரை அனுப்பியிருந்தார்கள். அவருக்கே சங்கடமாகிவிட்டது. "உடும்மா, பாவம்," என்று கெஞ்சினார்.

ராஜகுமாரி யோசித்தாள். அவளை அறியாமலே அவளுக்குள்ளிருந்த பயிற்சியாளர் யோசித்தாள் என்பதுதான் உண்மை. கை போவதற்குமுன் கண் போகிறது. கண்ணைத் திருப்பினால் கை தாமதிக்கும். எனவே பந்தைப் பார்க்காதே, அடிப்பவரின் சட்டைப் பையைப் பார் என்றாள். உடம்பின் எடையை முன்கூட்டியே தப்பான காலில் போடச் சொன்னாள். அவர் அடிக்கிற நேரத்தில் மனத்துக்குள் வீட்டு விலாசத்தைச் சொல்லிக்கொள் என்றாள். சொல்லும்போதே அது வேலை செய்யும் என்று அவளுக்குத் தெரிந்தது. நல்ல முறையாகத்தான் இருந்தது. வேறு எதற்காவது இவ்வளவு நுட்பமாக யோசித்திருந்தால் அணி கோப்பை வாங்கியிருக்கும்.

எழில், எதையும் ஒழுங்காகக் கற்கிற பெண், இதையும் கற்றாள். ஒருநாள் பந்து அவளுடைய விரல் நுனியை உரசுவதுபோலப் போய் வலையில் விழுந்தது. எழில் எதிர்ப்பக்கம் முழு நீளத்துக்குப் பாய்ந்து, புல்லில் கிடந்தபடியே திரும்பிப் பார்த்தாள். முகத்தில் அந்த வியப்பும் இருந்தது. லேப் உதவியாளர் கைதட்டினார். ராஜகுமாரி, "நல்லா இருக்கு," என்றாள். தன் குரல் சந்தோஷமாக இருந்ததை அவளே கேட்டாள். போய்க் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டாள்.

தொடக்க விழா மறுபடி நடந்தது. அதே பேனரை விரித்தார்கள். ஐயா கோல் அடித்தார். அடித்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"சின்ன வயசுல என்னிய யாரும் ஆட்டத்துல சேத்துக்க மாட்டாங்க," என்று மைக்கில் சொன்னார். "பந்து என்னிதா இருந்தாலும் சேத்துக்க மாட்டாங்க. அப்பவே முடிவு பண்ணேன், கிரவுண்டயே வாங்கணும்னு."

அதோடு முடிந்திருந்தால் ராஜகுமாரி மறந்திருப்பாள். ஆனால் ஐயாவுக்கு அது பிடித்துப்போனது. தமக்குக் கிடைத்த இன்பம் வருகிறவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்று நினைத்தார். அவர் பெரிய மனசுக்காரர். பொங்கல் விழாவுக்கு வந்த எம்.எல்.ஏ. அடித்தார். கட்டடத்துக்குக் கடன் கொடுத்த வங்கி மேலாளர் அடித்தார். இரண்டாவது தவணை வந்ததும் இன்னொன்று அடித்தார். தரச்சான்றுக் குழுவினர் சாப்பாட்டுக்குப் பிறகு வரிசையாக நின்று அடித்தார்கள். அவர்களில் வயதான ஒருவர் வெளியே அடித்துவிட்டார், எழில் பாய்ந்து அதைத் தட்டி வலைக்குள் விட்டாள். அப்படிச் செய்ய அவளுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. 'மகளிர் விளையாட்டு' என்ற தலைப்பில் கல்லூரிக்கு முழு மதிப்பெண் கிடைத்தது. வளாக நேர்காணலுக்கு வந்த நிறுவனங்களின் எச்.ஆர். அதிகாரிகள் எல்லோரும் அடித்தார்கள். நன்கொடை தந்து மகனைச் சேர்த்த அப்பாக்கள்கூட அட்மிஷன் சீசனில் வந்து அடித்தார்கள். ஒவ்வொருவருக்கும் கோல் அடிக்கும் கணத்தைப் படமெடுத்து, சட்டம் போட்டுக் கையில் கொடுத்தார்கள். எல்லாப் படத்திலும் பின்னணியில் எழில் பாய்ந்துகொண்டிருந்தாள்.

ஆண்டு விழாவில் எழிலுக்குச் சிறந்த விளையாட்டு வீராங்கனை விருது கொடுத்தார்கள். ராஜகுமாரியை மேடைக்கு அழைத்து முதல்வர் பேசினார். "நம் கல்லூரியில் எந்தப் பாடத்திலும் நூறு சதவீதப் பயன் கிடைத்ததில்லை. கணிதத்தில் இல்லை. எலக்ட்ரானிக்ஸில் சொல்லவே வேண்டாம். இந்த ஒரு பாடத்தில் மட்டும் கிடைத்திருக்கிறது." பேராசிரியர்கள் கைதட்டினார்கள். ராஜகுமாரிக்குச் சால்வை போர்த்தினார்கள்.

பல்கலைக்கழக மண்டலப் போட்டி அதற்கு அடுத்த மாதம் அம்பத்தூரில் நடந்தது. ராஜகுமாரி இதற்காகத்தான் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டிருந்தாள். அணி உண்மையிலேயே நன்றாக ஆடியது. அரையிறுதியில் எதிரே வியாசர்பாடிப் பக்கத்துப் பெண்கள். நடக்கப் பழகும் முன்பே பந்தை உதைத்தவர்கள். அவர்கள் சரமாரியாக அடித்தார்கள். எழில் எல்லாவற்றையும் பிடித்தாள். காற்றில் வந்ததைக் குத்தி வெளியே தள்ளினாள். தனியாக ஓடிவந்தவளின் காலடியில் விழுந்து பந்தை அணைத்துக்கொண்டாள். ராஜகுமாரி கோட்டுக்கு வெளியே நின்றபடி அழுகிற நிலையில் இருந்தாள். ஒன்றும் கெடவில்லை, பெண் அப்படியேதான் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது. பெனால்டி அடித்து முடிவு காணலாம் என்றார் நடுவர்.

எதிரணியின் முதல் பெண் பந்தைப் புள்ளியில் வைத்துவிட்டுப் பின்னால் போனாள். எழில் கோட்டில் நின்றாள். ராஜகுமாரி அவளுடைய கண்களைப் பார்த்தாள். அவை பந்தில் இல்லை. அந்தப் பெண்ணின் சட்டையில், பை இருக்க வேண்டிய இடத்தில் நிலைத்திருந்தன. எழிலின் உதடுகள் மெதுவாக அசைந்தன. உடம்பின் எடை தப்பான காலுக்குப் போனது. ராஜகுமாரி, "எழில், பந்தப் பாரு," என்று கத்தினாள். பந்து வலப்பக்கம் போனது; எழில் இடப்பக்கம், முழு நீளத்துக்கு, மிக அழகாகப் பாய்ந்தாள். விழுந்து கிடந்தபடி திரும்பிப் பார்த்த முகத்தில் வியப்பு இருந்தது.

எல்லாமே அப்படித்தான் போயின. ஒரு பந்து நேராக அவளை நோக்கியே வந்தது. அதற்கும் வழிவிட்டாள்.

முடிந்ததும் ராஜகுமாரி அவளிடம் போனாள். எழில் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"கை வரல மேடம்," என்றாள். "நான் கூப்ட்டேன். வரல."

இந்த முறை குழு எதுவும் அமைக்கப்படவில்லை. சேர்மனே நேரில் அழைத்தார். முதல்வர் நின்றுகொண்டிருந்தார். சேர்மன் கோபமாக இல்லை. குழந்தைக்குப் புரியவைப்பது போலப் பேசினார்.

"இன்னாம்மா இது. எவளோ வந்து அடிக்கறா, அவுளுக்கும் உடறதா? எம்.எல்.ஏ.வுக்கு உட்ட மாரியே அவுளுக்கும் உட்டா, எம்.எல்.ஏ.வுக்கு இன்னாம்மா மரியாத? எல்லாரையும் தடுத்தா திமிரு. எல்லாரையும் உட்டா ஏமாளித்தனம். ஆளப் பாத்து உடணும், ஆளப் பாத்து தடுக்கணும். நான் இந்தக் காலேஜ அப்படித்தான் நடத்திகினு வரேன். ஒரு நாளு ஒரு ஆள தப்பா உட்டதில்ல, தப்பா தடுத்ததில்ல. ஒரு கீப்பருக்கு இது கூட தெரிலனா இன்னா கோச்சிங் குடுத்த?"

"அது மேடம் பாடத்திட்டத்துல ஆறாவது அலகா சேத்துடலாம் சார்," என்றார் முதல்வர்.

ராஜகுமாரி ராஜினாமா கொடுத்தாள். முதல்வர் வாங்கவில்லை, இவ்வளவு தேர்ச்சி காட்டிய பாடத்துக்கு ஆசிரியர் இல்லையென்றால் தரச்சான்றுக் குழு கேட்கும் என்றார். அவள் வேறு கல்லூரிகளில் விசாரித்துப் பார்த்தாள். திருமழிசைப் பக்கம் ஒன்று, செம்பரம்பாக்கத்தில் ஒன்று. இரண்டிலும் மரியாதையாக உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். இரண்டிலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: அந்த விழா கோல் பயிற்சியை எங்கள் பிள்ளைகளுக்கும் தருவீர்களா, எங்கள் சேர்மனும் ஆசைப்படுகிறார்.

அவள் தவமணியம்மாளிலேயே இருந்துவிட்டாள். அணியைக் கலைத்துவிட்டார்கள், போட்டிக்குப் போனால்தானே தோற்போம் என்றார் முதல்வர். மைதானம் விழாக்களுக்கு மட்டும் திறந்தது. ஆரம்பத்தில் சில காலைகளில் ராஜகுமாரி எழிலைத் தனியாக அழைத்துப்போய்ப் பழையபடி பெனால்டி பிடிக்கவைக்கப் பார்த்தாள். பந்தைப் பார், பந்தைப் பார் என்று தொண்டை வறண்டது. எழில் பந்தைத்தான் பார்த்தாள். கை மட்டும் கொஞ்சம் தாமதமாக, விருந்தாளிக்குக் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்குவதுபோல ஒதுங்கியது. ஒருநாள் எழிலே, "விட்டுடலாம் மேடம், கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் படிக்கணும்," என்றாள்.

கடைசி வருடம் முடிகிற சமயத்தில் எழில் ஒரு ஸ்வீட் பாக்ஸுடன் மையத்துக்கு வந்தாள். விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவில் ராஜகுமாரிக்கு ஒரு மேசை போட்டிருந்தார்கள்.

"வேலை கெடச்சிடுச்சு மேடம். அம்பத்தூர்லயே, சாஃப்ட்வேர் கம்பெனி."

ராஜகுமாரி எழுந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "என்ன கேட்டாங்க இன்டர்வியூவுல?"

"ஒண்ணுமே கேக்கல மேடம். லோகேஷ்னு அந்த எச்.ஆர்., போன வருஷம் வந்து கோல் அடிச்சாரே, அவருதான் உக்காந்திருந்தாரு. என்னப் பாத்ததும், 'நீதானே அந்த கீப்பர்'னாரு. அவரு அடிச்ச போட்டோவ டேபிள்லயே வச்சிகீறாராம். அவ்ளோதான். மத்த பசங்கள எல்லாம் கோடிங் போட்டு வாட்டி எடுத்துட்டாங்க." பெட்டியைத் திறந்து நீட்டினாள். "அப்பாவ கார் ஷெட்டு வேலைய விடச் சொல்லிட்டேன். எல்லாம் நீங்க கத்துக்குடுத்ததுதான் மேடம்."

அதில் குத்தல் இல்லை. மனதாரத்தான் சொன்னாள். அவளிடம் சொல்வதற்கென்று ராஜகுமாரி பல மாதமாகச் சில வார்த்தைகளை வைத்திருந்தாள். உன் கையை நான்தான் கெடுத்தேன் என்பது அவற்றில் ஒன்று. மைசூர்பாகை வாயில் போட்டுக்கொண்டு, அதை எப்படித் தொடங்குவது என்று பார்த்தாள்.

"இன்னொண்ணு மேடம்," என்றாள் எழில். "நான் சேர்ற மாசமே கம்பெனில ஆனுவல் டேயாம். எம்.டி. சிங்கப்பூர்லேந்து வர்றாராம். அவரு அடிக்கணுமாம். என்னதான் நிக்கச் சொல்லிகீறாங்க."

ராஜகுமாரி மென்று விழுங்கினாள். வெளியே, அடுத்த விழாவுக்குப் பந்தல்காரர்கள் மைதானத்தில் கம்பு நட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எந்தக் கால்ல அடிப்பாரு?" என்றாள்.

"தெரியல மேடம். இருங்க, கேட்டுச் சொல்றேன்," என்று எழில் போனை எடுத்தாள்.